பிளக்கின் வாங்கும் முன் பஃபரைப் பாருங்கள்

சாலிகிராமத்திலும் வடபழனியிலும் படுக்கையறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருக்கும் இளம் இசையமைப்பாளர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம்: "ஹெட்ஃபோன்ல என் குரல் லேட்டா வருது சார்." மைக்குக்கு முன்னால் நிற்கும் பாடகர் இதைச் சொன்னதும் அறையில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். லேப்டாப் பழசாகிவிட்டது என்பார் ஒருவர். ஆடியோ இன்டர்ஃபேஸை மாற்றியாக வேண்டும் என்பார் இன்னொருவர். அன்றிரவே இணையத்தில் விலை விசாரிப்பு ஆரம்பமாகிவிடும். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் 1024 என்றிருக்கும் ஓர் எண்ணை 128 ஆக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும் என்பது பல நேரங்களில் யாருக்கும் தோன்றுவதில்லை.

வீட்டில் இசை தயாரிப்பவர்களின் பணம் பெரும்பாலும் கருவிகளுக்கும் பிளக்கின்களுக்கும்தான் போகிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் மென்பொருளைத் தன் வேலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குபவர்கள் குறைவு. வாங்கிய நாளில் மென்பொருள் எப்படித் திறந்ததோ அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். வேலை இழுப்பதற்கும் பாடகர் சலித்துக்கொள்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில் அந்த எண். அதன் பெயர் பஃபர் சைஸ். மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கணினி கொத்துக்கொத்தாக வாங்கித்தான் கையாளுகிறது. ஒரு கொத்தில் எத்தனை சாம்பிள் என்பதே பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பதிவு செய்யும்போது, 1024 சாம்பிள் கொண்ட கொத்து ஒன்று நிறைய 21 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று கணக்கிட்டால் தாமதம் ஏறத்தாழ 43 மில்லி விநாடி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக, அந்தப் பாடகர் தன் குரலைக் கிட்டத்தட்ட 15 மீட்டர் தள்ளி வைத்த ஒலிபெருக்கியிலிருந்து கேட்டுக்கொண்டு பாடுகிறார். மேடையில் மானிட்டரை அவ்வளவு தூரத்தில் வைத்தால் எந்த மிருதங்க வித்வான் உட்கார்ந்து வாசிப்பார்? பஃபரை 128 ஆக்கினால் ஒரு பக்கத்துத் தாமதம் 2.7 மில்லி விநாடியாகக் குறைந்துவிடும்.

அப்படியென்றால் எப்போதும் 128லேயே வைத்துக்கொள்ளலாமே?

முடியாது. கொத்து சிறிதாக இருந்தால், அடுத்த கொத்து வருவதற்குள் கணினி எல்லாக் கணக்கையும் முடித்தாக வேண்டும். ஐம்பது டிராக், ஒவ்வொன்றிலும் நான்கைந்து பிளக்கின் என்று ஆனபிறகு அதற்கு மூச்சு முட்டும். 'டிக் டிக்' என்று ஒலி வெடிக்கும், சில சமயம் பாட்டே நின்றுவிடும். ஆனால் மிக்ஸிங் நேரத்தில் யாரும் மைக்கில் பாடுவதில்லை. தாமதம் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பதிவுக்குச் சின்ன பஃபர், மிக்ஸிங்குக்குப் பெரிய பஃபர் என்ற இந்த ஒரே பழக்கம் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தள்ளிப்போடும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் 'ஏசியோ' என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸின் பொதுவான ஒலி வழியைச் சுற்றிக்கொண்டு, இசை மென்பொருளை நேரடியாக இன்டர்ஃபேஸோடு பேசவைப்பதே அதன் வேலை. இன்டர்ஃபேஸ் வாங்கியும் அதன் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்காமல் பழைய வழியிலேயே பாட்டு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. டிரைவரும் சரி, பஃபரும் சரி என்றால் அடுத்த சந்தேகத்துக்குரிய ஆள் மாஸ்டர் டிராக்கில் உட்கார்ந்திருக்கும் லிமிட்டர். வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அடக்கும் வகை லிமிட்டர்கள் தங்கள் பங்குக்குத் தாமதம் கூட்டும். மென்பொருள் மற்ற டிராக்குகளையும் அதற்கு ஏற்பக் காக்கவைக்கும். இப்படிப்பட்ட பிளக்கின்களைப் பதிவு நேரத்தில் மட்டும் ஒதுக்கிவைக்க லாஜிக் மென்பொருளில் 'லோ லேட்டன்சி மோட்' என்று ஒரு பொத்தானே இருக்கிறது. கியூபேஸ் மென்பொருள் தன் பங்குக்கு 'ஏசியோ கார்ட்' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நேரடியாகப் பாடாத, வாசிக்காத டிராக்குகளை அது தனியாக முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் தனியாகக் காசு இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சாம்பிள் ரேட் விஷயத்தில் நடப்பது வேறு விதமான வீண்செலவு. எண் பெரிதானால் தரம் பெரிது என்று நம்பி 96,000இல் பதிவு செய்கிறார்கள். மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பதிவு செய்ய அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் சாம்பிள் இருந்தால் போதும் என்பதால்தான் சிடிக்கு 44,100 என்ற அளவு வந்தது. சினிமா, வீடியோ வேலைகளுக்கு 48,000 வழக்கமானது. 24 பிட், 48,000 என்ற அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி பிடிக்கும். 96,000 என்றால் 17 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுக்கு 24 டிராக் என்று வைத்தால் ஒரு ஜிபியில் முடிகிற வேலை இரண்டு ஜிபி ஆகிறது. பிளக்கின்களும் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். ஒலியைப் பல மடங்கு நீட்டி விளையாடும் சவுண்ட் டிசைனருக்கு 96,000 பயன்படும். நான்கு நிமிடக் காதல் பாட்டுக்கு எதற்கு?

அளவு எதுவானாலும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். 44,100இல் பதிவான டிராக்கை மாற்றாமல் 48,000இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். ஐந்து நிமிடப் பாட்டு நாலரை நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். வெளியூரில் குரல் பதிவாகி, சென்னையில் மிக்ஸிங் நடக்கும் இந்தக் காலத்தில், தொடங்கும் முன்பே இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டிய எண் இது.

எண்கள் இருக்கட்டும். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. கியூபேஸ் ஹாம்பர்க், ஏபிள்டன் லைவ் பெர்லின், எஃப்எல் ஸ்டுடியோ பெல்ஜியம். புதிய புராஜெக்ட்டைத் திறந்ததும் இவற்றில் பலவும் காட்டுவது ஏறக்குறைய ஒரே முகம்தான். நிமிடத்துக்கு 120 பீட், நாலுக்கு நாலு தாளம், 'ஏ' சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். அந்த ஊர் இசைக்கு அது நியாயமான தொடக்கம். மிஸ்ர சாபுவில் ஒரு மெட்டு உதித்தவர் முதல் வேலையாகத் தாளத்தை எட்டுக்கு ஏழாகவும், கண்ட சாபு என்றால் எட்டுக்கு ஐந்தாகவும் மாற்றாவிட்டால், திரையில் கோடுகள் ஓரிடத்திலும் தாளம் இன்னோரிடத்திலுமாக விழும். திஸ்ர நடையில் வாசித்ததைப் பதினாறாம் பாகக் கட்டத்துக்குள் குவான்டைஸ் செய்தால் நடையே நொண்டும். பிழை வாசித்தவருடையதா, கட்டத்துடையதா என்று புரியாமலேயே பலர் மீண்டும் மீண்டும் டேக் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கான மருந்தும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. டெம்ப்ளேட். சாபு தாளங்களுக்கு ஒன்று, திஸ்ரத்துக்கு ஒன்று, வழக்கமான சினிமாப் பாட்டுக்கு ஒன்று என்று முன்கூட்டியே சேமித்து வைக்கலாம். பாடகர்களின் சுருதியை வைத்தும் பிரிக்கலாம். ஒரு கட்டை என்றால் 'சி', ஐந்து கட்டை என்றால் 'ஜி' என்பது ஆர்மோனியப் பெட்டியைத் தொட்டவர் எல்லாருக்கும் தெரியும். ஐந்து கட்டைப் பாடகிக்கு ஒரு டெம்ப்ளேட்டில் தம்புரா சுருதி தயாராக இருந்தால், அவர் வந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பதிவைத் தொடங்கிவிடலாம். நாகஸ்வரம் வாசிக்க வந்தவரின் கருவி 440க்குக் கட்டுப்பட்டதாக இருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. அவரைத் திருத்துவதை விட, சின்தசைசர்களின் மாஸ்டர் டியூனிங்கை அவருக்கு ஏற்ப நகர்த்துவது எளிது. அந்த எண்ணும் மாற்றக்கூடியதே.

மாற்றாமல் விட்ட அமைப்பு இசையையே கெடுக்கும் இடமும் ஒன்று உண்டு. சுருதி திருத்தும் 'ஆட்டோடியூன்' 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், எண்ணெய் வளம் தேடும் துறையில் நில அதிர்வுத் தரவுகளை அலசியவர். அதில் 'ரீடியூன் ஸ்பீடு' என்று ஒரு குமிழ் இருக்கிறது. பாடகர் சுருதி விலகினால் எவ்வளவு வேகமாக இழுத்து நிறுத்துவது என்பதை அது தீர்மானிக்கும். அந்த வேகத்தை உச்சத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 1998இல் ஷெர் பாடிய 'பிலீவ்' உலகத்துக்குக் காட்டியது. அங்கே அது வேண்டுமென்றே செய்த விளையாட்டு. இங்கே அதே வேகத்தில், பன்னிரண்டு சுரங்களும் திறந்திருக்க, தோடியில் ஒரு பிருகாவை ஓடவிட்டால் கமகம் படிக்கட்டாகிவிடும். வளைந்து வர வேண்டிய காந்தாரம் பக்கத்துச் சுரங்களில் தாவித் தாவி நிற்கும். பாடகிக்குச் சுருதி சேரவில்லை என்று பழி விழும். குமிழைத் தளர்த்தி, கமகம் உள்ள இடங்களைத் தொடாமல் நீண்ட கார்வைகளை மட்டும் திருத்துவதே இந்த இசைக்கு ஏற்ற அமைப்பு. ரசிகர்கள் 'மெஷின் குரல்' என்று முகம் சுளிக்கும் பல பாடல்களில் குற்றவாளி இயந்திரமாக இருக்காது. அதை யாரோ தொட்டுப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

டெம்ப்ளேட் என்பது சோம்பேறித்தனம், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. ஹாலிவுட்டின் ஹான்ஸ் சிம்மர் நெடுங்காலமாகக் கியூபேஸில் வேலை செய்பவர். அவரைப் போன்ற திரை இசையமைப்பாளர்களின் டெம்ப்ளேட்டில் வயலின் முதல் பெரிய முரசு வரை நூற்றுக்கணக்கான டிராக்குகள் தயாராகக் காத்திருக்கும். காரணம் எளிது. மெட்டு மனதில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் 'செல்லோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது' என்று தேடக் கூடாது. டெம்ப்ளேட்டுக்குள் கருவிகளின் வரிசையும் வண்ணமும் வால்யூமும் இருக்கலாம், மெட்டு இருக்காது. ஒரே கார்டு வரிசையை எல்லாப் பாட்டிலும் போட்டால் அது டெம்ப்ளேட்டின் தவறாகாது.

மெட்டைப் பிடிக்கும் விஷயத்தில் பலர் கவனிக்காத வசதி ஒன்றும் இருக்கிறது. ரெக்கார்ட் பொத்தானை அழுத்தாமல் கீபோர்டில் சும்மா விரல் ஓட்டும்போது வந்து விழும் நல்ல பிடியை எத்தனை பேர் தொலைத்திருப்பார்கள்! ஏபிள்டன் லைவ் 2018இல் வந்த பத்தாம் பதிப்பில் 'கேப்சர்' என்ற பொத்தானைச் சேர்த்தது. அதை அழுத்தினால் சற்று முன் வாசித்த சுரங்கள் எல்லாம் மிடி வடிவில் திரும்பக் கிடைக்கும். கியூபேஸிலும் லாஜிக்கிலும் இதே வேலைக்கு வழி உண்டு. அதற்கு ஒரு ஷார்ட்கட் விசையை ஒதுக்கிக்கொள்வது எந்த விலையுயர்ந்த சின்தசைசரை விடவும் அதிகமான பாட்டுகளைக் காப்பாற்றும்.

ஷார்ட்கட் என்றதும் இன்னொரு விஷயம். டேக் எடுப்பது, திரும்ப ஒரு வரி பின்னால் போவது, முந்தையதை அழிக்காமல் அடுத்த டேக் வைப்பது ஆகிய மூன்றும் குரல் பதிவில் நூறு முறை நடக்கும் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் மவுஸைத் தேடினால் பாடகரின் பாவம் கலைந்துவிடும். ரீப்பரில் இப்படிப் பல செயல்களைக் கோத்து ஒரே விசைக்குள் அடக்கலாம். கியூபேஸில் அதற்கு மேக்ரோ என்று பெயர். தினமும் செய்கிற பத்து வேலைகளை எழுதிப் பார்த்து, அவற்றுக்கு மட்டும் விசை ஒதுக்கினால் போதுமானது.

அடுத்தது ஃப்ரீஸ். கனமான சின்தசைசர் பிளக்கின் ஓடும் டிராக்கை ஆடியோவாக உறையவைத்தால் கணினி இளைப்பாறும். பழைய லேப்டாப்பே இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். இதில் தொழில்நுட்பத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. முடிவெடுக்கும் பழக்கம். 1967இல் வெளியான 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டை பீட்டில்ஸ் குழு நான்கு டிராக் டேப் கருவிகளில்தான் பதிவு செய்தது. இடம் போதாதபோது நான்கையும் கலந்து அடுத்த டேப்பில் ஒன்றிரண்டு டிராக்காக இறக்கினார்கள். இறக்கிய பிறகு டிரம்ஸைக் கூட்டவோ கிடாரைக் குறைக்கவோ வழியில்லை. அதனால் அங்கேயே தீர்மானித்தார்கள். இன்று டிராக்குகளுக்கு எல்லையில்லை, தீர்மானங்களும் வருவதில்லை. தெரிவுகள் பெருகப் பெருக இசைக் கலைஞனுக்குத் தன் கருவியோடு நெருக்கம் குறைகிறது என்று பிரையன் ஈனோ 1999இல் 'வயர்டு' இதழில் எழுதினார். அதற்குப் பிறகான கால் நூற்றாண்டில் தெரிவுகள் இன்னும் பெருகிவிட்டன. டிராக்கை உறையவைப்பவர் அந்த நான்கு டிராக் கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறார்.

சேமிப்பு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாத ஊர்களில் தானியங்கிச் சேமிப்பை அணைத்து வைத்துவிட்டு வேலை செய்வது துணிச்சலில் சேராது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்று வைத்து, பழைய பிரதிகள் சிலவற்றையும் காக்கச் சொல்லலாம். சாம்பிள்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்காமல் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே சேர்க்கும் கட்டளை எல்லா முக்கிய மென்பொருள்களிலும் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தனித்தனி ஆடியோவாகவும், சுரங்களை மிடியாகவும் எடுத்து வைப்பது நல்லது. 2017 நவம்பரில் கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக கிப்சன் நிறுவனம் அறிவித்தபோது, அதில் ஆண்டுக்கணக்கில் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மறு ஆண்டே சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டது அவர்களுடைய அதிர்ஷ்டம். மிடி 1983இல் வந்தது. இன்றும் எல்லா மென்பொருளும் அதைப் படிக்கின்றன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் நாள் முழுக்க அமைப்புகளையே நோண்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு நோய்தான். டிராக் வண்ணங்களைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று மணி நேரம் போய், பாட்டு அப்படியே கிடக்கும். பாடகர் அறைக்குள் இருக்கும்போது அமைப்புப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்பது நல்ல விதி. எது உறுத்துகிறதோ அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, வேலையில்லாத நாளில் மொத்தமாகத் திருத்தலாம். பூட்டு உடைத்த பிளக்கின்களை நூற்றுக்கணக்கில் நிறுவி வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனைகள் எதுவும் முழுதாகப் பலிக்காது. எது எப்போது நின்றுபோகும் என்று அவர்களுக்கே தெரியாது. விலையைக் காரணம் காட்டவும் முடியாது. ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் கணினியோடு கராஜ்பேண்ட் இலவசமாகவே வருகிறது. 2007இல் உலகமே கேட்ட ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸ் அந்த கராஜ்பேண்டில் இருக்கும் ஒரு லூப்தான். பில்லி ஐலிஷும் அவருடைய அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கள் வீட்டுப் படுக்கையறையில், லாஜிக்கில் உருவாக்கிய தொகுப்பு 2020இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது.

குறை முழுவதும் இளைஞர்களுடையது என்றும் சொல்லிவிட முடியாது. மென்பொருள் நிறுவனங்கள் புதுப் பதிப்பு விற்கும்போது புதிய ஒலிகளைத்தான் முன்னால் நிறுத்துகின்றன. முதல் முறை திறக்கும்போதே 'பதிவு செய்யப்போகிறீர்களா, மிக்ஸிங்கா?' என்று ஒரு கேள்வி கேட்டு அதற்கேற்ப பஃபரை வைத்துத் தரலாம். அது பெரிய தொழில்நுட்பமே இல்லை. ஆடியோ கடைக்காரர்கள் இன்டர்ஃபேஸை விற்ற கையோடு டிரைவரையும் நிறுவி, தாமதத்தைக் காட்டி அனுப்பலாம்.

பெரிய பொறுப்பு பயிற்சி நிலையங்களுடையது. கணிசமான கட்டணம் வாங்கிக்கொண்டு இசைத் தயாரிப்புப் பாடம் நடத்துபவர்கள் முதல் வாரத்திலேயே ஈக்யூ, கம்ப்ரஸர் என்று பாய்கிறார்கள். அந்த வாரத்தை அமைப்புகளுக்கு ஒதுக்க வேண்டும். சான்றிதழ் தருமுன் ஒவ்வொரு மாணவரையும் ஒரு பழைய லேப்டாப்பின் முன் உட்காரவைத்து, பாடகருக்குத் தாமதமில்லாமல் குரல் கேட்கச் செய்யவும், மிஸ்ர சாபுவில் ஒரு புராஜெக்ட் திறக்கவும், கமகம் சிதையாமல் ஒரு வரியின் சுருதியைத் திருத்தவும் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் செய்து காட்ட முடியாதவருக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.